நாலு ப்ராசஸும் "நான்தான் 0" என்றால்: எம்பிஐ நிரல் தப்பாகக் கிளம்பும்போது எங்கே பார்ப்பது

எம்பிஐ என்பது ஒரு கணக்கைப் பல ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிரதிகளுக்கு, பிரித்துக் கொடுத்து அவை ஒன்றோடொன்று பேசி வேலை செய்ய வைக்கும் முறை. அதன் ஹலோ வேர்ல்டை (ஒவ்வொரு ப்ராசஸும் தன் எண்ணைச் சொல்லும் குட்டி நிரல்) நாலு ப்ராசஸில் ஓட்டினால் ரேங்க், அதாவது ப்ராசஸின் வரிசை எண், 0, 1, 2, 3 என்று நாலு வரி வரவேண்டும். ஒவ்வொரு வரியிலும் மொத்தம் 4 என்று இருக்க வேண்டும். வரிசை முன்பின்னாக வந்தால் கவலையில்லை, அது இயல்பு. ஆனால் "ரேங்க் 0, மொத்தம் 1" என்ற ஒரே வரி நாலு தடவை வந்தால் நிரல் தப்பாகக் கிளம்பியிருக்கிறது. கோவையிலும் பெருந்துறையிலும் திருச்செங்கோட்டிலும் கல்லூரி லேபில் இப்படித்தான் கேட்பார்கள்: "ஏனுங்க சார், நாலு பேருமே நான்தான் ஜீரோங்கறாங்க, இதுல எதைங்க நம்பறது?"

சோமனூர் தறிப்பட்டறைக் கணக்கில் சொன்னால் விஷயம் இதுதான். 100 மீட்டர் ஆர்டரை நாலு தறிக்குப் பிரித்துக் கொடுத்தால் தறிக்கு 25 மீட்டர். பக்கத்தில் மூன்று தறி ஓடுவதே தெரியாமல் ஒவ்வொன்றும் முழு ஆர்டரையும் நெய்தால் 400 மீட்டர் துணி வரும், நேரமும் மிச்சமாகாது. எம்பிஐயில் இதைவிட மோசம்: நாலு ப்ராசஸும் ஒரே பெயருள்ள ஃபைலில் விடையை எழுதும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, விடைகூடச் சில சமயம் சரியாகவே இருக்கும். ஹலோ வேர்ல்டில் கண்ணில் படுகிற இந்தக் கோளாறு, மூன்று நாள் ஓடும் சிமுலேஷனில் படாமலே போய்விடும்.

கட்டளைகளைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்து. பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறோம்.

முதல் சோதனை: ஹோஸ்ட்நேம்

நிரலைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் இதைத் தட்டுங்கள்: "எம்பிஐரன் -என்பி 4 ஹோஸ்ட்நேம்". ஹோஸ்ட்நேம் என்பது சாதாரண லினக்ஸ் கட்டளை, எம்பிஐக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் இங்கே உதவுகிறது. கணினியின் பெயர் நாலு வரி வந்தால் லாஞ்சர் (நிரலைக் கிளப்பிவிடும் எம்பிஐரன்) ஒழுங்காக நாலு ப்ராசஸைக் கிளப்புகிறது. கோளாறு உங்கள் நிரலுக்கும் அதனுடன் இணைந்த லைப்ரரிக்கும் நடுவில். ஹோஸ்ட்நேமே தொங்கி நின்றால் நிரலைத் தொடாதீர்கள்; எஸ்எஸ்ஹெச் (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வழி), ஃபயர்வால், நெட்வொர்க் பக்கம் போங்கள். பாதிக் கோளாறுகள் இந்த ஒரு வரியிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். இதைச் செய்யாமல் மூலநிரலில் பிரிண்ட் வரி சேர்த்துக்கொண்டே இருப்பது நேர விரயம்.

எண்ணிக்கையே தப்பாக வந்தால் கட்டளை வரியை ஒருக்கா உற்றுப் பாருங்கள். "-என்பி 4" நிரலின் பெயருக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் போட்டால் அதை லாஞ்சர் எடுத்துக்கொள்ளாது. நிரலுக்கு உள்ளீடாகப் போய்ச் சேரும், நிரலும் சத்தமில்லாமல் விட்டுவிடும். எம்பிஐக்கு ஓப்பன் எம்பிஐ, எம்பிச், இன்டெல் என்று பல தயாரிப்புகள் உண்டு. எண்ணிக்கையே தராவிட்டால் ஓப்பன் எம்பிஐ கணினியில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை கிளப்பும்; எம்பிச் ஒன்றே ஒன்றுதான் கிளப்பும். வாட்ஸ்அப்பிலோ வேர்ட் ஃபைலிலோ வந்த கட்டளையைக் காப்பி அடித்து ஒட்டினால் ஹைபன் நீளக் கோடாக மாறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஷெல்லுக்கு அது வேறு எழுத்து. அந்தக் கோட்டையே நிரலின் பெயர் என்று எடுத்துக்கொண்டு "இப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று லாஞ்சர் சொல்லும். ஹைபனைக் கையால் அழித்துவிட்டு மறுபடி தட்டினால் தீர்ந்தது.

நாலு கேட்டு பதினாறு வந்தால்? "எம்பிஐரன் -என்பி 4" போட்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்டைக் கிளப்பியிருப்பீர்கள், அந்த ஸ்கிரிப்டுக்குள்ளும் ஓர் எம்பிஐரன் இருக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

லாஞ்சர் ஒரு வீடு, லைப்ரரி ஒரு வீடு

ஹோஸ்ட்நேம் நாலு வரி தந்தது, ஹலோ மட்டும் "0, மொத்தம் 1" என்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நிரலைக் கம்பைல் செய்த எம்பிஐ வேறு, கிளப்பிய எம்பிஐ வேறு.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் எல்லா இடத்திலும் உதவும். எம்பிஐரன் நாலு பிரதிகளைக் கிளப்பும்போது ஒவ்வொன்றின் காதிலும் "நீ இத்தனையாவது ஆள்" என்று என்விரான்மென்ட் வேரியபிள் (நிரல் கிளம்பும்போது கூடவே கொடுத்தனுப்பும் பெயரும் மதிப்பும்) வழியாகச் சொல்லி அனுப்புகிறது. ஓப்பன் எம்பிஐ அதை ஓஎம்பிஐ_காம்_வேர்ல்ட்_ரேங்க் என்ற பெயரில் வைக்கும். எம்பிச் வகையறா பிஎம்ஐ_ரேங்க் என்ற பெயரில் வைக்கும். நிரலுக்குள் இருக்கும் லைப்ரரி தனக்குத் தெரிந்த பெயரைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் "என்னை யாரும் கூட்டமாகக் கிளப்பவில்லை, தனியாள்தான்" என்று முடிவு செய்து 0, மொத்தம் 1 என்று தொடங்கிவிடும். லாஞ்சர் இல்லாமல் தனியாகக் கிளம்புவது எம்பிஐயில் ஏற்றுக்கொண்ட வழக்கம் என்பதால் இதைப் பிழையாகவே அது கருதாது. நேரில் பார்க்க "எம்பிஐரன் -என்பி 4 என்வ்" என்று தட்டி, வெளியீட்டை கிரெப்பில் ரேங்க் என்ற சொல்லுக்கு வடிகட்டுங்கள். இங்கே ரேங்க் பெரிய எழுத்து. உங்கள் லாஞ்சர் எந்த வீட்டுக்காரர் என்று அந்த வேரியபிள் பெயர்களே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து மூன்று கேள்வி. "விச் -ஏ எம்பிஐரன்": பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) எத்தனை எம்பிஐரன் இருக்கிறது, முதலில் நிற்பது எது? இரண்டு மூன்று வரி வந்தாலே சந்தேகப்படலாம். "எம்பிஐரன் --வெர்ஷன்": ஓப்பன் எம்பிஐ என்றால் அந்தப் பெயரையே சொல்லும், ஹைட்ரா என்று தொடங்கினால் எம்பிச், இன்டெல் தன் பெயரை வெளிப்படையாகவே போடும். மூன்றாவது, நிரல் ஃபைலின் மேல் எல்டிடி (நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டி, எம்பிஐ என்ற சொல்லுக்கு வடிகட்டுங்கள். லிப்எம்பிஐ என்ற பெயரோடு இறுதியில் 40 என்ற எண் இருந்தால் அது ஓப்பன் எம்பிஐ (3, 4, 5 எல்லாப் பதிப்பிலும் இந்த 40தான்). 12 என்றிருந்தால் எம்பிச் அல்லது இன்டெல். உபுண்டுவில் எம்பிச்சின் லைப்ரரிக்கு லிப்எம்பிச் என்றே பெயர். வெர்ஷன் ஓப்பன் எம்பிஐ என்கிறது, எல்டிடி 12 என்கிறது என்றால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

எல்டிடியில் எம்பிஐ பெயரே இல்லாவிட்டால் நிரல் எம்பிஐ இல்லாமல் கட்டப்பட்டிருக்கலாம், அல்லது லைப்ரரி உள்ளேயே பொதிந்த ஸ்டாடிக் பில்டாக இருக்கலாம்.

எப்படி இரண்டு எம்பிஐ சேர்கிறது? உபுண்டுவில் ஏதோ ஒரு பேக்கேஜ் தன்னோடு எம்பிச்சையும் இழுத்துக்கொண்டு வரும். அனகோண்டா (பைத்தான் பேக்கேஜ் தொகுப்பு) சூழலுக்குள் இன்னொன்று இருக்கும். அது ஆக்டிவேட் ஆனதும் பாத்தில் முன்னால் வந்து நின்றுகொள்ளும். இன்டெல் ஒன்ஏபிஐயின் செட்வார்ஸ் ஸ்கிரிப்டை யாரோ முன்பு பாஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அனகோண்டாதான் அதிகம் படுத்தும், ஏனென்றால் நேற்று ஓடியது இன்று ஓடாது. டெர்மினல் முன்னால் அடைப்புக்குறிக்குள் பேஸ் (அனகோண்டா சூழலின் பெயர்) என்று நிற்பதை யாரும் கவனிப்பதில்லை.

உபுண்டு, டெபியனில் சரிசெய்ய "அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் எம்பிஐ" என்றும், அதே கட்டளையைக் கடைசிச் சொல் எம்பிஐரன் என்று மாற்றியும், இரண்டையும் சுடோவுடன் ஓட்டுங்கள். முதலாவது கம்பைலருக்கு, இரண்டாவது லாஞ்சருக்கு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு எழுந்தால் கோளாறை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள். மாற்ற அனுமதி இல்லாத லேப் கணினியில் பெயரோடு புள்ளி வைத்துக் கூப்பிடலாம்: "எம்பிஐசிசி.ஓப்பன்எம்பிஐ" கொண்டு கம்பைல், "எம்பிஐரன்.ஓப்பன்எம்பிஐ" கொண்டு ஓட்டம். எதைச் செய்தாலும் மேக் க்ளீன் போட்டு முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை மறுபடி இணைத்தால் விசித்திரமான க்ராஷ் வரும், அது இன்னும் குழப்பும்.

பைத்தான்காரர்களுக்கு: பைத்தானுக்கான எம்பிஐ பேக்கேஜான எம்பிஐ4பையில் கெட்_லைப்ரரி_வெர்ஷன் ஃபங்ஷனை அழைத்தால் எந்த எம்பிஐ என்று ஒரு வரியில் வந்துவிடும். பிப் மூலம் மறுபடி நிறுவும்போது "--நோ-கேஷ்-டிர்", "--நோ-பைனரி=எம்பிஐ4பை" இரண்டையும் சேருங்கள். இல்லாவிட்டால் முன்பு வேறு எம்பிஐயோடு கட்டி வைத்த வீலையே (தயார் நிலைப் பேக்கேஜ்) கேஷிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு "வெற்றி" என்று சொல்லும். சோதிக்கத் தனி ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம், "எம்பிஐரன் -என்பி 4 பைத்தான் -எம் எம்பிஐ4பை.பெஞ்ச் ஹலோவேர்ல்ட்" போதும்.

நிரலே தனியாள் என்றால்

எம்பிஐ இரண்டும் ஒத்துப்போகிறது, இருந்தும் நாலு பிரதி ஓடுகிறதா? மென்பொருளுக்கு "சேர்ந்து ஓடு" என்று நீங்கள் சொல்லவில்லை.

கோவையில் பம்ப் இம்பெல்லருக்குள் தண்ணீர் ஓட்டத்தை ஓப்பன்ஃபோம் என்ற நீரோட்டக் கணக்கு மென்பொருளில் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கேஸ் ஃபோல்டரில் முதலில் டீகம்போஸ்பார். அது சிஸ்டம் ஃபோல்டரில் உள்ள டீகம்போஸ்பார்டிக்ட் ஃபைலில் நம்பர்ஆஃப்சப்டொமைன்ஸ் எவ்வளவோ அத்தனை துண்டாக மெஷ்ஷை (கணக்குக்காகப் போட்ட வலை) வெட்டி, ப்ராசஸர்0, ப்ராசஸர்1 என்று ஃபோல்டர் போடும். பிறகு "எம்பிஐரன் -என்பி 4 சிம்பிள்ஃபோம் -பேரலல்". இந்தக் கடைசிச் சொல்லை மறந்தால் நாலு சிம்பிள்ஃபோமும் வெட்டாத முழு மெஷ்ஷையும் தனித்தனியாகத் தீர்க்கும், ஒரே டைம் ஃபோல்டரில் ஒன்றன்மேல் ஒன்று எழுதும். லாக் ஃபைலின் தலைப்பில் என்ப்ராக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 1 என்றிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு ரெசிடுவல் (கணக்கில் இன்னும் மிச்சமிருக்கும் பிழை) வரியும் நாலு தடவை வருவது இன்னோர் அடையாளம். வெட்டியது 4, ஓட்டியது 8 என்றால் மட்டும் ஓப்பன்ஃபோம் தானே நின்று, ப்ராசஸர் ஃபோல்டர் எண்ணிக்கையும் ப்ராசஸர் எண்ணிக்கையும் சமமில்லை என்று சொல்லிவிடும். அந்தத் தப்பு ஒரு தொந்தரவே இல்லை. சத்தம் போடாத தப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளான குரோமாக்ஸில் சாதாரண ஜிஎம்எக்ஸ் பைனரி த்ரெட்-எம்பிஐ வகை, அதாவது ஒரே ப்ராசஸுக்குள் த்ரெட்டுகளாகப் பிரிந்து ஓடுவது. அதை எம்பிஐரன் கீழ் போட்டால் நாலு தனித்தனி சிமுலேஷன் ஓடும். ஃபோல்டரில் இரண்டு பக்கமும் ஹாஷ் குறி போட்ட பேக்கப் ஃபைல்கள் திடீரென முளைத்தால் இதுதான் காரணம். ஜிஎம்எக்ஸ்_எம்பிஐ பைனரி வேண்டும். ஒரே கணினி என்றால் எம்பிஐரன் இல்லாமல் எம்டிரன்னுக்கு "-என்டிஎம்பிஐ 4" கொடுத்தாலே போதும். இன்னொரு மூலக்கூறு சிமுலேஷன் மென்பொருளான லாம்ப்ஸில் "1 பை 1 பை 1 எம்பிஐ ப்ராசஸர் கிரிட்" என்ற வரி நாலு தடவை வந்தால், சீரியல் பில்டை ஓட்டுகிறீர்கள் அல்லது மேலே சொன்ன லாஞ்சர் தகராறு. எலக்ட்ரான் அமைப்புக் கணக்குக்கான குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ வெளியீட்டின் தலைப்பிலேயே சீரியலா பேரலலா, எத்தனை ப்ராசஸர் என்று எழுதிவிடும்; அந்த வரியைப் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

கிளம்பியது சரி, உட்கார்ந்த இடம் தப்பு

4 கோர், 8 த்ரெட் உள்ள கணினியில் 8 கேட்டால் ஓப்பன் எம்பிஐ "போதுமான ஸ்லாட் இல்லை" என்று மறுக்கும், ஏனென்றால் அது நிஜக் கோர்களைத்தான் எண்ணுகிறது. "--யூஸ்-ஹெச்டபிள்யூத்ரெட்-சிபியூஸ்" போட்டால் த்ரெட்டையும் எண்ணும். "--ஓவர்சப்ஸ்கிரைப்" போட்டால் கணக்கே பார்க்காது. நிரல் சரியாகப் பிரிகிறதா என்று சோதிக்க ஓவர்சப்ஸ்கிரைப் நல்லது. வேகத்துக்காகப் போடாதீர்கள், நீரோட்டக் கணக்குகள் மெமரியிலிருந்து டேட்டா வருவதற்குக் காத்துக் கிடப்பவை, ஆளைக் கூட்டினால் வாசலில் நெரிசல்தான் கூடும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று. ஓப்பன் எம்பிஐ இரண்டு ப்ராசஸ் வரை என்றால் ஒவ்வொன்றையும் ஒரு கோரில் கட்டிப்போடும், முதல் கோரிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரே சர்வரில் இரண்டு மாணவர்கள் தனித்தனியாக "-என்பி 2" ஓட்டினால் இருவருடையதும் கோர் 0, கோர் 1 மேலேயே போய் உட்காரும். ஓர் எம்பிஐரன்னுக்கு மற்றொன்று ஓடுவது தெரியாது. டாப் ஓட்டி எண் 1 பட்டனை அழுத்துங்கள்: 16 கோரில் இரண்டு மட்டும் 100 சதவீதம், மற்றவை சும்மா, நாலு ப்ராசஸும் ஆளுக்கு 50 சதவீதத்தை ஒட்டி. "--ரிப்போர்ட்-பைண்டிங்ஸ்" போட்டால் யார் எங்கே என்று காட்டும். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் "--பைண்ட்-டு நன்" போட்டு ஓட்டுவதே நல்லது.

ப்ராசஸ் எண்ணிக்கையோடு த்ரெட் எண்ணிக்கையும் பெருகும். பைத்தானின் எண்கணக்கு லைப்ரரியான நம்பையின் அடியில் இருக்கும் ஓப்பன்பிளாஸ், கோர் எத்தனையோ அத்தனை த்ரெட் திறக்கப் பார்க்கும். 8 கோரில் 8 ரேங்க் என்றால் 64 த்ரெட். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் வேரியபிளை (எல்லாம் பெரிய எழுத்து) 1 என்று வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு கணினிக்கு மேல் போனால்

நாலு டெஸ்க்டாப், ஒரு சுவிட்ச் என்ற சிறு கிளஸ்டரில் ஒரு கணினிக்குள் சரியாக ஓடுவது, ஹோஸ்ட்ஃபைல் (எந்தெந்தக் கணினியில் ஓட்டுவது என்ற பட்டியல்) போட்டதும் நின்றுவிடும். வரிசையாகப் பாருங்கள்.

எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே போக வேண்டும். கூடவே, முதல் தடவை வரும் "இந்தக் கணினியை நம்பலாமா" என்ற கேள்விக்கும் முன்கூட்டியே ஒருக்கா கையால் எஸ் சொல்லியிருக்க வேண்டும். எம்பிஐரன் கீழ் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அடுத்தது பலர் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம். நோடு2க்குள் (கிளஸ்டரில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) போய் "விச் எம்பிஐரன்" தட்டினால் சரியாக வருகிறது. ஆனால் எம்பிஐரன் கிளப்பும்போது "ஓஆர்டிஇ-டி கிடைக்கவில்லை" என்கிறது (மறுபக்க நோடில் ப்ராசஸைக் கிளப்பும் ஓப்பன் எம்பிஐயின் உதவி நிரல் அது; 5ஆம் பதிப்பில் அந்தப் பெயர் பிஆர்டிஇ-டி). காரணம் உபுண்டுவின் பாஷ்ஆர்சி ஃபைலின் தலைமாட்டில் இருக்கிறது: உட்கார்ந்து தட்டும் ஆள் இல்லாவிட்டால் இதற்கு மேல் படிக்காதே என்று சில வரி. நீங்கள் பாத் ஏற்றும் வரியைக் கடைசியில் சேர்த்திருப்பீர்கள். எம்பிஐரன் எஸ்எஸ்ஹெச் வழியாக வரும்போது அந்த வரி வரை போகவே போகாது. உள்ளே போய்ச் சோதிக்காமல், "எஸ்எஸ்ஹெச் நோடு2 விச் ஓஆர்டிஇ-டி" என்று வெளியிலிருந்து ஒரே வரியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பாத், எல்டி லைப்ரரி பாத் வரிகளை அந்தத் தடுப்புக்கு மேலே நகர்த்துங்கள். இல்லையேல் எம்பிஐரன்னை முழுப் பாதையோடு, சாய்கோட்டில் தொடங்கித் தட்டுங்கள். ஓப்பன் எம்பிஐ அதே பாதையை மறுபக்கத்திலும் எடுத்துக்கொள்ளும். எல்லா நோடிலும் ஒரே பதிப்பு, நிரல் ஒரே பாதையில் இருப்பது கட்டாயம். வீட்டு ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸில் பகிர்ந்தால் நிரலுக்கான கவலை விடும்.

கிளம்பியும் முதல் செய்திப் பரிமாற்றத்தில் தொங்கினால் நெட்வொர்க் முகவரி. டாக்கர் (நிரலைத் தனிப் பெட்டியான கன்டெய்னருக்குள் ஓட்டும் மென்பொருள்) நிறுவிய கணினியில் 172.17.0.1 என்றும், விர்ச்சுவல் மெஷின் வைத்த கணினியில் 192.168.122.1 என்றும் உள்ளூர் முகவரி இருக்கும். எல்லாக் கணினியிலும் அதே எண். அந்த வழியாகப் பேசப் போய் ப்ராசஸ் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். "--எம்சிஏ பிடிஎல்_டிசிபி_இஃப்_இன்க்லூட் 192.168.1.0/24" என்று உங்கள் லேப் சப்நெட்டைக் கொடுங்கள். எம்பிச் என்றால் "-ஐஃபேஸ்" போட்டு இன்டர்ஃபேஸ் பெயர். எம்பிச்காரர்கள் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பாருங்கள்: உபுண்டு கணினியின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்று எழுதி வைத்திருக்கும். மறுபக்க நோடு அந்த எண்ணுக்கு அழைத்தால் தன்னையே அழைக்கும். அந்த வரியை நிஜ முகவரிக்கு மாற்றுங்கள். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22 மட்டும் திறந்தால் போதாது, எம்பிஐ ஓடும்போதுதான் போர்ட்டைத் தேர்ந்தெடுக்கிறது. லேப் சப்நெட் முழுவதையும் அனுமதியுங்கள்.

கரண்ட் போய் வந்த மறுநாள் நோடு3 மட்டும் காணோம் என்றால் ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்கும். நோடுகளுக்கு நிலையான ஐபி வையுங்கள்.

ஸ்லர்ம், டாக்கர், பைத்தான்

ஸ்லர்ம் (கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருள்) உள்ள இடத்தில் அதன் லாஞ்சரான எஸ்ரன் போட்டு எல்லாரும் 0 என்றால், எஸ்ரன்னும் எம்பிஐ லைப்ரரியும் பேசும் மொழி பொருந்தவில்லை. "எஸ்ரன் --எம்பிஐ=லிஸ்ட்" என்ன இருக்கிறது என்று சொல்லும்; ஓப்பன் எம்பிஐக்குப் பெரும்பாலும் "--எம்பிஐ=பிஎம்ஐஎக்ஸ்". கூடவே அங்கே எம்பிஐரன்னை எஸ்ரன்னுக்குள் வைக்காதீர்கள்.

டாக்கருக்குள் ரூட்டாக ஓட்டினால் ஓப்பன் எம்பிஐ மறுக்கும். "--அலவ்-ரன்-அஸ்-ரூட்" கன்டெய்னருக்குள் மட்டும் சரி, வெறும் கணினியில் வேண்டாம். நடுவில் பஸ் எரர் என்று விழுந்தால் பகிர்வு மெமரி: டாக்கர் தருவது 64 எம்பிதான். "--எஸ்ஹெச்எம்-சைஸ்=1ஜி" கொடுங்கள்.

எம்பிஐ இல்லாத, பைத்தானின் சொந்த மல்டிப்ராசஸிங்கும் தப்பாகக் கிளம்பும். விண்டோஸில் ஒவ்வொரு சேய் ப்ராசஸும் உங்கள் ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கும். பூல் (வேலை செய்யும் சேய் ப்ராசஸ்களின் கூட்டம்) திறக்கும் வரி "இஃப் __நேம்__ == __மெயின்__" என்ற காவலுக்குள் இல்லாவிட்டால் சேயும் பூல் திறக்கப் போகும்; பைத்தான் ரன்டைம்எரர் கொடுத்து நிறுத்தும். லினக்ஸில் ஃபோர்க் (ஓடும் ப்ராசஸை அப்படியே நகலெடுப்பது) இருந்ததால் இது தெரியாமல் இருந்தது. பைத்தான் 3.14 முதல் லினக்ஸிலும் ஃபோர்க்சர்வர்தான் இயல்பு, ஆகவே பழைய லேப் ஸ்கிரிப்டுகளில் அந்தக் காவலைச் சேர்த்துவிடுங்கள்.

தப்பாகக் கிளம்பிய ஓட்டத்தைக் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திய பிறகு "பிஜிரெப் -எல்" உடன் நிரலின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், மற்ற நோடுகளிலும். நின்றதாக நினைத்த பழைய ப்ராசஸ் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தால், சரிசெய்த நிரலும் மந்தமாகத்தான் ஓடும், நீங்களும் சரியான திருத்தத்தைத் தப்பு என்று நினைத்து மாற்றிவிடுவீர்கள். "பிகில்" போட்டு அதை முடித்துவிட்டு, ஹோஸ்ட்நேமிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.